ஆட்டைக் காட்டிவிட்டு நழுவிய நாட்கள்

என் மகனுக்கு ஒரு வயது முடிந்த வாரத்தில் எனக்குப் பேறுகால விடுப்பும் முடிந்தது. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். அலை அதிகம் இல்லாத பாக் விரிகுடாப் பக்கம். பெண்கடல் என்போம். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலை ஏழரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதுக்குத்தான்.

முதல் நாள் நான் கிளம்பும்போது தம்பி (மகனை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) அலறிவிட்டான். "நீ முகத்தக் காட்டாமப் போயிரு தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றார் அத்தை. மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அத்தை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அந்தா பாரு ஆடு, மே... மே..." என்று வேலிப்பக்கம் கைகாட்டுவார். அவன் அங்கே திரும்பும் நேரத்தில் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக இறங்கிவிடுவேன். வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவன் அப்பா கடலைக் காட்டி, "அந்தா வள்ளம் வருது பாரு" என்றார். தம்பி வள்ளத்தைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்ததோடு இல்லாமல் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அப்புறம் கவனித்தேன். காக்காயைக் காட்டினாலும் சரி, நிலாவைக் காட்டினாலும் சரி, அவன் முதலில் என்னைத்தான் பார்த்தான். யாராவது எதையாவது கைகாட்டினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டிருந்தான். உலகத்தில் இருக்கிற நல்ல நல்ல காட்சிகளையெல்லாம் நான் அவனுக்குப் பயமாக மாற்றியிருந்தேன்.

அதன் பிறகு ஒட்டுதல் கூடிக்கொண்டே போனது. எங்கள் பக்கம் 'ஒட்டுதல்' என்ற சொல்லைத்தான் சொல்வோம். "புள்ள அப்பத்தாகிட்டத்தான் ஒட்டுதலா இருக்கும்" என்பார்கள். உளவியல் புத்தகங்களில் பற்று, பிணைப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு ஒட்டுதல் என்பதே சரியாகப் படுகிறது. குளிக்கப் போனால் கதவைத் தட்டுவான். இரவில் என் நைட்டியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். பெற்ற தாய்க்கு இது பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு மூச்சு முட்டியது. ஒருநாள் இரவு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து அவனைத் தள்ளிப் படுக்க வைத்தேன். அவன் விழித்துக்கொண்டு என்னையே பார்த்தான், அழவில்லை. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் ஆலோசகரிடம் போக முடிவெடுத்தேன்.

போவது எளிதாக இல்லை. எங்கள் மாவட்டத்தில் மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தால் அடுத்த வார்த்தை 'ஏர்வாடி'தான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். அப்போது எனக்கு 12 வயது. மனநோய் என்றால் சங்கிலி என்றே மனதில் பதிந்துவிட்டது. மனநலம் பாதித்தவரைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இருந்தாலும் பழைய பயம் போகவில்லை. நான் வீட்டில் சொன்னது, பள்ளிக்கூட வேலையாக ராமநாதபுரம் போகிறேன் என்று. வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "போயிட்டு வா, தம்பிய நான் வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் பாதி வழியில் திரும்பியிருப்பேன்.

ஆலோசகரை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாவது சனிக்கிழமை மேடம் என்னிடம் கேட்டார்: "உங்களை யார் வளர்த்தாங்க?"

அப்பத்தா. எனக்கு நாலு வயது இருக்கும்போது, 1993இல், அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத் போனார். அப்பாவின் படகுக் கடன் கழுத்தை நெரித்த காலம். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது போயிருக்கிறார். காலையில் எழுந்து அம்மா எங்கே என்றால் "கடைக்குப் போயிருக்கா" என்றார் அப்பத்தா. அந்தக் கடையிலிருந்து அம்மா திரும்பி வர மூன்று வருடம் ஆனது. இடையில் பேசிப் பதிந்த கேசட் அனுப்புவார். அந்தக் காலத்தில் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டிலெல்லாம் அது உண்டு. அப்பத்தா டேப்பைப் போட்டதும் நான் எழுந்து கரைக்குப் போய்விடுவேன். அம்மா திரும்பி வந்த நாளில் வாடகைக் கார் தெருவுக்குள் நுழைந்தது. ஊரே கூடியது. பொம்மை, சென்ட், கோடாலித் தைலம் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. நான் திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போகவே இல்லை. "கெட்டிக்காரப் புள்ள, அழவே இல்ல பாரு" என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தப் பாராட்டை முப்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். யாரையும் தேடாமல் இருக்கத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை.

பி.எட். படித்தபோது ஜான் பவுல்பி என்ற பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். பிரிட்டிஷ் மனநல மருத்துவர், ஒட்டுதல் கோட்பாட்டின் தந்தை, இரண்டு மதிப்பெண். இந்தச் சமயத்தில்தான் அவரைப் பற்றி நிதானமாகப் படித்தேன். 1907இல் வசதியான வீட்டில் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி தாயை ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார். வளர்த்தது ஒரு தாதிப்பெண். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்தது போலவே அது இருந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாலு வயது என்று படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சின்னப் பிள்ளைகளை நாள்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். முதலில் பிள்ளை கத்தி அழும், தேடும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். அப்புறம் ஒரு கட்டத்தில் சாப்பிடும், சிரிக்கும், யாரிடமும் போகும். பிள்ளை தெளிந்துவிட்டது என்று தாதிகள் சந்தோஷப்படுவார்கள். அம்மா வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது தெளிவு இல்லை, அம்மாவைத் தேடுவதையே பிள்ளை விட்டுவிட்டது என்று ராபர்ட்சன் சொன்னார். சிப்பி அடுக்கிய பிள்ளை யார் என்று எனக்குப் புரிந்தது.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தவர். ஒரு வயதை ஒட்டிய குழந்தையையும் தாயையும் பழக்கமில்லாத அறையில் இருக்கச் செய்து, தாயைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பித் திரும்ப வரச் சொல்வார். மொத்தமே 20 நிமிடம்தான். பிள்ளை எவ்வளவு அழுதது என்பதை வைத்து அவர் முடிவெடுக்கவில்லை. அம்மா திரும்பி வந்ததும் பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார். சில பிள்ளைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி விளையாடப் போய்விடும். சில பிள்ளைகள் ஒட்டவும் ஒட்டும், உதைக்கவும் உதைக்கும், எளிதில் அடங்காது. சில பிள்ளைகள் அம்மா வந்ததையே கண்டுகொள்ளாமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும். இந்த மூன்றாவது வகைப் பிள்ளைகளின் இதயத் துடிப்பைப் பிற்பாடு அளந்து பார்த்தார்கள். வெளியே கல் மாதிரி இருந்த பிள்ளைகளுக்கு உள்ளே துடிப்பு எகிறியிருந்தது.

இதைப் படித்த பிறகு என் மகன் மேல் இருந்த எரிச்சல் ஒரே நாளில் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் ஒன்று விளங்கியது. அவன் என்னைத் தேடுகிறான், கத்துகிறான், நைட்டியைப் பிடிக்கிறான் என்றால் அவன் இன்னும் விடவில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை மிச்சம் இருப்பதால்தான் கேட்கிறான். நான் கேட்பதை நிறுத்திய பிள்ளை. அதனால்தான் கேட்கிற பிள்ளையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சரி, நடைமுறையில் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன்.

ஆட்டைக் காட்டுவதை நிறுத்தினோம். வாசலில் நின்று, அவன் கண்ணைப் பார்த்து, "அம்மா பள்ளிக்கூடம் போயிட்டு வர்றேன்" என்று சொன்னேன். நம் ஊரில் யாரும் வெறுமனே 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள். போகிற சொல்லுக்குள்ளேயே வருகிற சொல்லையும் முடிந்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். அந்தச் சொல்லைத்தான் ஒரு வயதுப் பிள்ளையிடம் சொல்லாமல் நான் நழுவிக்கொண்டிருந்தேன். அவன் அழுதான். முன்பைவிட அதிகமாகவே அழுதான். "பாரு, நல்லா இருந்த புள்ளய அழ வைக்கிறா" என்று அத்தைக்கு வருத்தம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகளை வளர்த்த காலத்தில் அப்படித்தான் செய்தார்கள், பாசத்தோடுதான் செய்தார்கள். பிரிவுக்கு அழுவது நோய் இல்லை. எட்டு மாதம் வாக்கில் தொடங்கி, ஒன்றரை வயது வரை ஏறி, அப்புறம் மெல்ல மெல்லத் தணிகிற இயல்பான விஷயம் அது. அழுகையைத் தடுப்பது என் வேலை இல்லை. நான் சொன்னபடி திரும்பி வருகிறேனா என்பதுதான் என் வேலை.

அஞ்சு மணி என்றால் பிள்ளைக்கு என்ன தெரியும்? அதனால் "ஆடு வீட்டுக்கு வந்ததும் அம்மா வந்துருவேன்" என்று சொல்லிப் பழக்கினேன். முன்பு ஏமாற்றப் பயன்பட்ட அதே ஆடு. சாயங்காலம் ஆடுகள் உடைமரக் காட்டிலிருந்து திரும்பும்போது அவன் வாசலுக்கு வந்து நிற்பான் என்று அத்தை சொன்னார். ஒருநாள் பஸ் பழுதாகி நேரமாகிவிட்டது. போன் போட்டு அவன் காதில் வைக்கச் சொல்லி, "ஆடு வந்துருச்சு, அம்மா இன்னும் வரல, பஸ்சு கெட்டுப்போச்சு, வந்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அதில் எத்தனை சொல் புரிந்திருக்கும் என்று தெரியாது. குரல் புரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்துவிடுவேன். டீ, துணி, போன் எல்லாம் அப்புறம்தான். முதலில் சில நாட்கள் என் கிட்டவே வராமல் முதுகைக் காட்டி நிற்பான். சில நாள் அடிப்பான். "அம்மா மேல கோவமா? கோவமா இருக்கட்டும். அம்மா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருப்பேன். இதில்தான் எனக்கு மிகவும் கஷ்டம். திரும்பி வந்த நாளில் என் அம்மாவுக்கு நான் காட்டியதும் அதே முதுகுதான்.

இரண்டு மாதத்தில் அவன் ஆட்டை ஆடாகப் பார்க்கத் தொடங்கினான். எங்கள் பக்கம் கடல் வெகுதூரம் முழங்கால் ஆழம்தான். அவனைத் தண்ணீரில் விட்டுவிட்டு நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். பத்து அடி போவான், திரும்பிப் பார்ப்பான். நான் கையசைத்தால் இன்னும் பத்து அடி. பெற்றவர் பிள்ளைக்குப் பத்திரமான அடித்தளமாக இருக்க வேண்டும் என்று ஐன்ஸ்வொர்த்தும் பவுல்பியும் சொன்னது இதைத்தான். கையிலேயே வைத்திருந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களை வீடு தேடிப் போய்ப் பார்த்த ஐன்ஸ்வொர்த் குழுவினர் கண்டது வேறு. முதல் சில மாதங்களில் அழுதவுடன் தூக்கப்பட்ட பிள்ளைகள் ஒரு வயது நெருங்கும்போது குறைவாகவே அழுதார்கள்.

எப்போதும் சரியாக நடந்துகொண்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கத்தியிருக்கிறேன். பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் அவன் பேசுவதைக் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன். எட் ட்ரானிக் என்ற ஆய்வாளர் தாயையும் குழந்தையையும் வீடியோ எடுத்துப் பார்த்தார். நல்ல உறவில் இருப்பவர்கள்கூட ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான் என்று கண்டார். மீதி நேரம் முழுக்க விலகுவதும் திரும்பச் சேர்வதும்தான். இதை மேடம் சொன்ன அன்றைக்கு எனக்கு எவ்வளவு பாரம் இறங்கியது தெரியுமா? கத்திவிட்டால் பிறகு போய், "அம்மா கத்துனது தப்பு, நீ பயந்துட்ட" என்று சொல்வேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

இப்போது மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

நாலைந்து மாதத்தில் எனக்குச் சனிக்கிழமை என்றால் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். அவர் என்ன புடவை கட்டுவார் என்று யோசிப்பேன். பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்தால், இதை மேடத்திடம் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றும். இவர் என் அம்மாவாக இருந்திருந்தால் என்று ஒருநாள் பஸ்ஸில் நினைத்துவிட்டு, பெற்றவளுக்குத் துரோகம் செய்தது போல அழுதேன். தீபாவளிக்கு ஒரு புடவை வாங்கிக்கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை. முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்த என்னிடம், "வேணாம்னு சொன்னது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு, அன்றைய 50 நிமிடமும் அதைப் பற்றியே பேசினார். அன்றைக்கு எனக்கு அது கொடுமையாகத் தோன்றியது. வாங்கியிருந்தால் நான் நல்ல பிள்ளையாக நடந்து அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்திருப்பேன். பிறகுதான் அது தெரிந்தது.

இப்படி ஒட்டுவது தவறும் இல்லை, பைத்தியமும் இல்லை. நமக்கு முக்கியமானவர்களிடம் சின்ன வயதில் வைத்த ஆசையும் பயமும் சிகிச்சை தருபவர் மேல் வந்து இறங்கும் என்பதை ஃபிராய்டே நூறு வருடத்துக்கு முன் எழுதிவிட்டார். பிள்ளைக்குத் தாய் எப்படியோ அப்படி, பழைய வலியை எட்டிப் பார்க்கத் துணிவு தரும் ஒரு அடித்தளமாகச் சிகிச்சையாளர் இருக்க வேண்டும் என்று பவுல்பி சொன்னார்.

அந்தத் தை மாதம் மேடம், மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டு, நாலு வாரம் விடுப்பில் போனார். "நல்லபடியாப் போயிட்டு வாங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் திரும்பி வந்தார், நான் போகவில்லை. வேலை அதிகம், இனித் தேவையில்லை, பணம் மிச்சம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒன்றும் தோன்றவில்லை. அவர் முகம்கூட மறந்தது போல இருந்தது. ஒருநாள் ஒரு செய்தி அனுப்பியிருந்தார், உங்கள் சனிக்கிழமை நேரம் அப்படியே இருக்கிறது என்று. போனேன்.

"நான் இல்லாத நாலு வாரம் எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் இருந்தேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சிப்பி அடுக்குனீங்களா?" என்று கேட்டார்.

நாலு வயதில் அழ வேண்டிய அழுகையை அன்றைக்குத்தான் அழுதேன். அவர் எழுந்து வந்து கட்டிப்பிடிக்கவில்லை. நாற்காலியிலேயே இருந்தார், நான் முடிக்கிறவரை இருந்தார்.

ஆலோசகரிடம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். அவர் மேல் ஒட்டுதல் வந்தால் மறைக்காமல் அவரிடமே சொல்லிவிடுங்கள். விடுப்பு, பிரிவு, கோபம் எல்லாவற்றையும் அந்த அறையிலேயே பேசுங்கள். போகப் பிடிக்கவில்லை என்று தோன்றும் வாரத்தில் கட்டாயம் போங்கள். ஆனால் அந்த ஒட்டுதலைப் பயன்படுத்திக் கடன் கேட்பவர், தொடுபவர், தனியாக வெளியே சந்திக்கக் கூப்பிடுபவர், என்னை விட்டால் உங்களுக்கு யாரும் இல்லை என்று சொல்பவர் யாராக இருந்தாலும் உடனே விட்டு வெளியே வந்துவிடுங்கள். அது சிகிச்சை இல்லை. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் எண் 14416க்குப் பேசலாம். 2022 முதல் நடக்கிற அரசுச் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

என் வகுப்பறையும் எனக்கு மாறிவிட்டது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகில் அவன் அப்பாவும் இருந்தார். வீட்டில் அவனிடம் அப்பா சென்னைக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாரத்திலிருந்து அவன் மிக ஒழுங்கான பிள்ளையாகிவிட்டான். கரும்பலகையைத் துடைப்பான், சண்டை போட மாட்டான். எல்லா டீச்சரும் மெச்சினார்கள். நான் மட்டும் பயந்தேன். அவன் அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் அவன் காதில் விழாமல் இருக்குமா? அன்றைக்கு ராத்திரி அந்த அம்மா அவனிடம் உள்ளதைச் சொன்னார்: அப்பாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை, அப்பாவுக்கு வர ஆசை. மறுநாள் வகுப்பில் பக்கத்துப் பையனின் பென்சிலை உடைத்தான். மத்தியானம் என் மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டான். உட்காரட்டும் என்று விட்டேன்.

போன மே மாதம் அம்மா எங்களோடு வந்து ஒரு மாதம் இருந்தார். இப்போது தூத்துக்குடியில் என் கூடப்பிறந்த தம்பி வீட்டில் இருக்கிறார். ஒரு ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது கேட்டேன்: "அன்னைக்கு ஏம்மா என்னை எழுப்பாமப் போன?" முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "அந்தக் காசுலதான்டி நீ டீச்சரான" என்றார். உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். நான் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அவராகவே பேசினார். "எழுப்புனா புள்ள அழுவும், நீ போக மாட்டன்னு ஒன் அப்பத்தா சொல்லிருச்சு. தெருமுனை வரைக்கும் போயிட்டு ரெண்டு தடவ திரும்பி வந்தேன். வந்து வந்து ஒன்னப் பாத்துட்டுப் போனேன். ஒனக்குத்தான் தெரியாது."

தன் கதையைக் கோர்வையாகச் சொல்ல முடிந்த தாய், அந்தக் கதை எவ்வளவு கசப்பாக இருந்தாலும், பிள்ளைக்கு நல்ல அடித்தளமாக இருக்க முடியும் என்று மேரி மெய்ன் என்ற ஆய்வாளர் கண்டறிந்ததாக மேடம் ஒருமுறை சொல்லியிருந்தார். என் கதையில் முப்பது வருடமாக விடுபட்டிருந்த ஒரு வரி அன்றைக்குக் கிடைத்தது.

அம்மா ஊருக்குத் திரும்பிய நாளில் காலை அஞ்சு மணி பஸ். நாலரைக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்த தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"ஆச்சி ஊருக்குப் போயிட்டு வர்றேன்யா. ஆடி மாசம் வருவேன்."

அவன் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். அம்மா அவசரப்படவில்லை. அழட்டும் என்று அவனை மடியில் வைத்துக்கொண்டார். அஞ்சு மணி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத்தான் போனார்.